குறிப்பேட்டில் நின்றுபோன கேள்வி

நீதிமன்றத்தில் முப்பத்தோர் ஆண்டுகள் சுருக்கெழுத்தாளராகப் பணிபுரிந்த பெரியவள், தன் ஐம்பத்தாறாவது வயதில், வெளிநாடு சென்று ஸ்பானிஷ் மொழி படிப்பதற்காக மூன்று மாத விடுப்பு கேட்டு எழுதிக் கொடுத்தாள். காரணம் என்ற இடத்தில் 'குடும்ப நிமித்தம்' என்று குறிப்பிட்டிருந்தாள். அலுவலக மேலாளர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அவளைப் பார்த்தார்.

"குடும்பத்துல யாருக்கும்மா ஸ்பானிஷ்?"

"என் தங்கச்சிக்கு சார்."

"அவங்க நம்ம ஆளுங்கதானே?"

"ஆமா சார். தமிழ் மறந்துட்டா."

மேலாளர் கண்ணாடியை மீண்டும் மூக்குக்கு இறக்கி, கேள்வி எதுவும் இன்றிக் கையெழுத்திட்டார்.

இரண்டே பெண்கள் பிறந்த வீடு அது. மூத்தவள் பெரியவள், இளையவள் சின்னவள். வேறு அடையாளம் அவ்வீட்டில் யாருக்கும் தேவைப்படவில்லை. சின்னவள் செவிலியர் படிப்பை முடித்து, இருபத்தாறாம் வயதில் ஸ்பானிஷ் பேசும் நாடொன்றின் கடற்கரை நகரத்துக்கு வேலைக்குப் போனாள். அங்கேயே தண்ணீர் மோட்டார் பழுதுபார்க்கும் ஒருவரை மணந்துகொண்டாள். பத்தொன்பது ஆண்டுகள் கழித்து ஒரு காலையில் மூளைக்குப் போகும் இரத்தக் குழாய் அடைத்துக்கொள்ள, மருத்துவமனைப் படியிலேயே விழுந்தாள். வலக் கையும் காலும் போயின. பேச்சும் போயிற்று. ஒரு மாதம் கழித்துப் பேச்சு திரும்பியபோது, பிறந்து வளர்ந்த மொழியும் பள்ளியில் படித்த ஆங்கிலமும் திரும்பவில்லை. கடைசியாகக் கற்றுக்கொண்ட ஸ்பானிஷ் மட்டுமே வந்தது. அரிதாக இப்படி நேர்வதுண்டு என்றும், மற்றவை எப்போது வரும், வருமா என்று சொல்ல இயலாதென்றும் மருத்துவர் தொலைபேசியில் ஆங்கிலத்தில் விளக்கினார். இறுதியில், "இரண்டாவது தாக்குதல் வரலாம். பேச வேண்டியது இருந்தால் தள்ளிப்போடாதீர்கள்" என்றார்.

பேச வேண்டியது இருந்தது. அது பதினோர் ஆண்டுகளாக இருந்தது.

அம்மா படுக்கையில் விழுந்தபோது சின்னவளுக்கு ஏழாம் மாதம். முன்பு இரண்டு முறை கரு கலைந்திருந்ததால், இம்முறை எழுந்து நடக்கவே கூடாது என்று அங்குள்ள மருத்துவர்கள் கட்டளையிட்டிருந்தார்கள். செய்தி தெரிந்தால் அவள் அடுத்த விமானத்தில் ஏறிவிடுவாள் என்பது பெரியவளுக்குத் தெரியும். ஆகவே அவள் சொல்லவில்லை. அம்மாவோ ஒன்பது நாளும் கேட்டுக்கொண்டே இருந்தாள். வாசலில் யாராவது செருப்பைக் கழற்றினால், "சின்னவளா?" என்பாள். "வந்துக்கிட்டே இருக்காம்மா, வண்டி ஏறிட்டா" என்று பெரியவள் ஒவ்வொரு முறையும் சொன்னாள். பத்தாம் நாள் அம்மா கேட்கவில்லை.

எல்லாம் முடிந்த ஐந்தாம் நாள், பெரியவள் தங்கைக்கு ஒரு கடிதம் தட்டச்சு செய்தாள். இரண்டு பக்கம், ஒரு பிழை இல்லை. 'அம்மாவுக்குக் கடைசிவரை நினைவு திரும்பவில்லை. யாரையும் கேட்கவில்லை. எந்தத் துன்பமும் இல்லை' என்று அதில் இருந்தது. தங்கை மனம் ஆறட்டும் என்று எழுதிய பொய் அது. மறு மாதம் சின்னவளுக்குக் குழந்தை இறந்தே பிறந்தது. அதற்குப் பிறகுதான் அவள் தொலைபேசியில் அழைத்தாள்.

"யாரைக் கேட்டு முடிவு பண்ணின? இப்போ எனக்கு அம்மாவும் இல்ல, பிள்ளையும் இல்ல. எதைக் காப்பாத்துறதுக்குடி எதை மறைச்ச?"

தங்கை அக்காவை 'டி' போட்டுப் பேசியது அந்த ஒரு முறைதான். அதன்பின் ஆண்டுக்கு இரண்டு முறை, "நல்லா இருக்கியா?" "இருக்கேன்" என்ற அளவில் உறவு நின்றுபோயிற்று. அம்மா தன்னை நினைக்காமலேயே போய்விட்டாள் என்று சின்னவள் நம்பிக்கொண்டிருந்தாள். அந்த நம்பிக்கையைத் தன் வாயாலேயே உடைக்க வேண்டும், 'அம்மா உன்னைத்தான் கேட்டாள்' என்று சொல்லிவிட வேண்டும்: இதற்காகத்தான் பெரியவள் ஒரு மொழியை முதலிலிருந்து படிக்கக் கிளம்பினாள்.

அவள் கணவர் பேருந்துப் பணிமனையில் நேரக்காப்பாளர். வண்டி எத்தனை மணிக்குப் புறப்பட்டது, எத்தனை மணிக்கு வந்தது என்பதைத் தவிர உலகில் எதையும் அவசரமாகக் கருதாதவர்.

"போன்லயே ஏதோ இருக்காமே. நாம தமிழ்ல பேசினா அது அவங்க பாஷையில சொல்லிடுமாம். இந்த வயசுல சிலேட்டைத் தூக்கிக்கிட்டு எதுக்கு?"

"ஒரு தடவை காகிதத்தை விட்டுச் சொன்னேன். பட்டது போதாதா? இப்போ மெஷினை விட்டுச் சொல்லணுமா?"

"சரி, நீ போ. மூணு மாசம் என் சாப்பாட்டுக்கு என்ன வழி?"

"உங்களுக்குத் தெரிஞ்ச சமையல் வெந்நீர்தான். அதுலேர்ந்து ஆரம்பிங்க, படிப்படியா முன்னேறலாம்."

அவர் சிரித்தார். பிறகு மேசையருகே உட்கார்ந்து பன்னிரண்டு பென்சில்களைச் சீராகச் சீவி, ரப்பர் போட்டுக் கட்டி, அவள் பெட்டியில் வைத்தார். மனைவிக்கு அதைவிடத் தேவையான பொருள் வேறு இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை.

அவளுடைய தொழிலைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். சாட்சி பேசப் பேச, ஒலியைக் கோடாகவும் புள்ளியாகவும் மாற்றுவது அது. கை ஒலியின் பின்னால் ஓடும். பொருள் உள்ளே இறங்க நேரம் இராது. இறங்கினால் கை பின்தங்கிவிடும். ஆகவே நல்ல சுருக்கெழுத்தாளர்கள் எழுதும்போது எதையும் கேட்பதில்லை. பிற்பகலில் குறிப்பைப் பார்த்துத் தட்டச்சு செய்யும்போதுதான், காலையில் ஒருவர் தம் மகன் இறந்த கதையைச் சொல்லி அழுதிருக்கிறார் என்பது பெரியவளுக்குத் தெரியவரும். தட்டச்சு செய்ததை மறுநாள் சாட்சிக்கு வாசித்துக் காட்டிக் கையொப்பம் வாங்குவார்கள். இதில் அவள் வாய் திறக்கும் இடம் எதுவும் இல்லை. "இந்த ரூம்ல ஒரு வார்த்தை பேசாம சம்பளம் வாங்குற ஆள் நீங்க ஒருத்தர்தான்" என்று வக்கீல்கள் கேலி செய்வார்கள். அவள் அதை எழுதிக்கொள்ளாமல் விட்டுவிடுவாள்.

தங்கையின் ஊரில் விமான நிலையத்துக்கு மாப்பிள்ளை வந்திருந்தார். பருத்த உடம்பு, கிரீஸ் ஏறிய நகங்கள். தமிழில் அவருக்குத் தெரிந்த சொற்கள் இரண்டு: ஒன்று 'அக்கா', மற்றொன்று 'போதும்'. "அக்கா" என்று சொல்லிப் பெட்டியை வாங்கிக்கொண்டார். வழியெல்லாம் இருவரும் கையால் பேசினார்கள்.

சின்னவள் ஒரு பராமரிப்பு இல்லத்தில் இருந்தாள். காலை பத்து மணி முதல் பதினொன்றரை வரை மட்டும் பார்வையாளர்கள் வரலாம். ஜன்னலோரக் கட்டில்; தலைமாட்டில் கம்பிப் பிடி; வலக் கைக்கு ஒரு தலையணை. அக்காவைக் கண்டதும் அவள் முகம் உடைந்தது. இடக் கையால் அக்காவின் முந்தானையைப் பற்றிக்கொண்டு ஏதோ சொன்னாள். பெரியவளுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. "என்னம்மா சொல்ற? அக்கா வந்துட்டேன் பாரு" என்று இவள் பேசப் பேச, அவள் நெற்றி சுருங்கியது. சந்தைச் சத்தத்தைக் கேட்பவள்போல், முந்தானையை விட்டு அந்தக் கையால் காதைப் பொத்திக்கொண்டாள். ஒரே வயிற்றில் பிறந்த இருவர், ஒன்றரை மணி நேரம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து அழுதுவிட்டுப் பிரிந்தார்கள்.

மறுநாளே பெரியவள் அந்த ஊர் மொழிப்பள்ளியில் சேர்ந்தாள். கடலைப் பார்த்த கண்ணாடிக் கட்டடம் அது. வகுப்பில் பதினெட்டுப் பேர். எல்லாரும் விடுமுறைக்கு வந்தவர்கள். முதல் நாள் குளிர்பானம் கேட்பது எப்படி என்று படித்தார்கள். இரண்டாம் நாள் அதையே பனிக்கட்டி போட்டும் போடாமலும் கேட்டார்கள். மூன்றாம் நாள் பாதிப் பேர் நீந்தப் போய்விட்டார்கள். தெருவிலும் பயனில்லை. அவள் மனப்பாடம் செய்துகொண்டு போய் ஸ்பானிஷில் சோப்பு கேட்டால், கடைக்காரர் ஆங்கிலத்தில் பதில் சொல்வார். பேருந்து ஓட்டுநர், மருந்துக் கடைப் பெண், மணி கேட்டால் சொல்லும் காவலர், எல்லாரும் அப்படியே. சுற்றுலாப் பயணிகளிடம் ஆங்கிலம் பேசுவது அந்த ஊருக்குப் பிழைப்பு.

இரண்டாம் வார வெள்ளிக்கிழமை அந்தப் பள்ளி ஆசிரியையே அவளைத் தனியே அழைத்து ஆங்கிலத்தில் சொன்னாள். "நீங்க கடலைப் பாக்க வந்தவங்க இல்லன்னு தெரியுது. இங்க இருந்தா ஒரு வருஷமானாலும் ஜூஸ் கேக்கத்தான் வரும். கடலை விட்டு உள்ளே தள்ளிப் போங்க. ஆங்கிலம் தெரியாத ஊரா பாத்து."

அப்படி ஓர் ஊரை மாப்பிள்ளை வரைபடத்தில் காட்டினார். பேருந்தில் ஐந்து மணி நேரம். சிமெண்டு ஆலை ஒன்றைத் தவிர அங்கே எதுவும் இல்லை. ஏழு வாரம் அங்கே படித்துவிட்டு வந்தால், தங்கையுடன் இருக்க மூன்று வாரமே எஞ்சும். அதற்குள் ஏதாவது நேர்ந்துவிட்டால்? அந்த இரவு அவள் தூங்கவில்லை. ஆனால் இங்கே இருந்து மட்டும் என்ன? ஊமையும் செவிடுமாகத் தினம் ஒன்றரை மணி நேரம். தங்கையின் கையை எடுத்து, ஏழு விரலைக் காட்டி, பேருந்து ஓட்டுவதுபோல் நடித்துக் காட்டிவிட்டுக் கிளம்பினாள். சின்னவள் முந்தானையை விட மறுத்தாள். தாதி வந்து விரல்களை ஒவ்வொன்றாக விடுவிக்க வேண்டியிருந்தது.

அந்த ஆலை ஊரில் பார்க்கத்தக்கது என்று எதுவுமில்லை. யாரும் அங்கே வராததற்கு அதுவே காரணம். கூரைகளிலும் இலைகளிலும் சாம்பல் நிறத் தூசி படிந்திருக்கும். துணியைக் காலையில் உலர்த்தினால் மாலையில் உதறி எடுக்க வேண்டும். அவள் தங்கிய அறை ஒரு சலவைத் தொழிலாளியின் வீட்டு மாடி. அந்த அம்மாள் விழித்திருக்கும் நேரமெல்லாம் பேசுவாள். பதில் வராவிட்டாலும் கவலைப்பட மாட்டாள். பெரியவள் மனத்துக்குள் அவளுக்கு 'வானொலி' என்று பெயரிட்டாள்.

பள்ளி, இரும்புச் சாமான் கடையொன்றின் மேலே ஒற்றை அறை. ஆலைக்கு வேலைக்கு வந்த அயல்நாட்டவர்களுக்காக நடந்தது. ஒரு லாரி ஓட்டுநர், செங்கல் அடுக்கும் அண்ணன் தம்பி இருவர், ஆலை உணவகத்தில் பாத்திரம் கழுவும் ஒரு பெண். ஐந்தாவது ஆள் பெரியவள். ஆசிரியைக்கு முப்பது வயது இருக்கும். சூயிங்கம் மென்றுகொண்டே நடத்துவாள். முதல் நாள் பெரியவளின் குறிப்பேட்டைப் பார்த்து அவள் மெல்லுவதை நிறுத்தினாள்.

"இது என்ன எழுத்து?"

பெரியவள் ஆசிரியையின் வாயைச் சுட்டி, பிறகு குறிப்பேட்டைச் சுட்டினாள்: நீங்கள் பேசியதெல்லாம் இதில் இருக்கிறது.

லாரி ஓட்டுநர் எட்டிப் பார்த்தான். "எறும்பு மைக்கூட்டுல விழுந்து நடந்து போன மாதிரி இருக்கே!"

பெரியவள் எழுதியதைத் திருப்பி வாசித்தாள். ஆசிரியை பேசிய அரை மணி நேரப் பேச்சு, பாதிக்கு மேல் பொருள் தெரியாத ஒருத்தியின் வாயிலிருந்து, இருமல் நீங்கலாக, அப்படியே வந்தது. வகுப்பு கைதட்டியது. ஆசிரியை தட்டவில்லை.

"அபாரம். இப்போ நோட்டை மூடுங்க. உங்க வீட்டுல எத்தனை பேர்? சொல்லுங்க."

பெரியவளுக்கு வாய் வரவில்லை. விடை தெரியும், சொற்களும் தெரியும். யாராவது கேள்வி கேட்டால் அதற்கு வேறொருவர் பதில் சொல்வார் என்று முப்பத்தோர் ஆண்டுகள் பழகிய நாக்கு அது. மூன்றாம் வாரத்தில் ஆசிரியை குறிப்பேட்டைப் பறித்து அலமாரியில் பூட்டினாள்; கடைசி நாள்தான் திருப்பித் தந்தாள். வானொலியும் தன் பங்குக்கு உதவினாள்: உப்பு எங்கே இருக்கிறதென்று வாயால் கேட்டால்தான் எடுத்துத் தந்தாள். மெல்ல மெல்ல நாக்கு அசைந்தது. ஐந்தாம் வாரத்தில் பெரியவள் பேருந்து நிலையத்தில் மீதிச் சில்லறைக்காக ஒருவருடன் சண்டை போட்டு வென்றாள். அதை வகுப்பில் சொன்னபோது செங்கல் அண்ணன் தம்பி மேசையைத் தட்டினார்கள்.

ஞாயிறுதோறும் மாப்பிள்ளை இல்லத்துக்குப் போய்த் தொலைபேசியைச் சின்னவள் முகத்துக்கு நேராகப் பிடிப்பார். "எப்ப வருவ?" என்று அவள் ஸ்பானிஷில் கேட்பாள். "நாலு வாரம்" என்பாள் பெரியவள். பிறகு "மூணு வாரம்". பிறகு "இன்னும் ஆறு நாள்". சொல்ல வேண்டியதைத் தொலைபேசியில் சொல்லக்கூடாது என்று அவள் முடிவு செய்திருந்தாள். முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டும்.

ஏழு வாரம் முடிந்து திரும்பிய காலையில், சின்னவள் தலைவாரிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"வந்துட்டியா. பேசு பாப்போம்."

"வந்துட்டேன். நல்லா மெலிஞ்சுட்ட. சாப்பாடு சரியில்லையா இங்க?"

சின்னவள் ஒரு கணம் விழித்தாள். பிறகு கட்டில் குலுங்கச் சிரித்தாள். "ஐயோ, சிமெண்டு ஆலை ஆளுங்க மாதிரியே பேசுற! தூசி பறக்குது!"

பெரியவளும் சிரித்தாள். பதினோர் ஆண்டுகளுக்குப் பிறகு இருவரும் சேர்ந்து சிரித்த சிரிப்பு அது. இதோ, இப்போது சொல்லிவிடலாம் என்று அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் சின்னவள் பேசத் தொடங்கிவிட்டாள்.

எவ்வளவு நாள் தேக்கி வைத்த பேச்சு! மழைக்காலத்துப் பள்ளிக்கூடம், அப்பாவின் சைக்கிள், கூடத்து நீலத் திரைச்சீலை, பிறந்து மூச்சு விடாமல் போன பிள்ளையின் விரல்கள், மாப்பிள்ளையின் குறட்டை. நோயால் சொற்கள் இடம் மாறின, பாதியில் அறுந்தன, நாற்காலி என்பதற்குக் குதிரை என்றாள். முதல் ஐந்து நிமிடம் பெரியவள் தொடர்ந்து வந்தாள். பிறகு ஓர் இழை நழுவியது. அதைப் பிடிப்பதற்குள் இன்னொன்று. பயம் வந்தது. தங்கை இப்படி இன்னொரு நாள் பேசுவாளோ மாட்டாளோ. ஒரு சொல்லும் விழுந்துவிடக் கூடாது. கை தானாகப் பைக்குள் போயிற்று. குறிப்பேடு மடியில் விரிந்தது.

அதன்பின் ஐம்பது நிமிடம் அவள் தலை நிமிரவில்லை.

மணி அடித்தது. பெரியவள் பென்சிலை வைத்துவிட்டு நிமிர்ந்தாள்; பத்தொன்பது பக்கம்; ஒரு சொல்லும் தவறவில்லை. "எல்லாத்தையும் எழுதிட்டேன். படிச்சுட்டு நாளைக்கு வந்து பேசுறேன்" என்றாள். சின்னவள் குறிப்பேட்டைப் பார்த்தாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். களைத்துவிட்டாள் என்று பெரியவள் எண்ணினாள்.

அன்று பிற்பகல் தங்கை வீட்டுச் சமையலறை மேசையில் அமர்ந்து, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, குறிப்பைப் பெயர்த்து எழுதினாள். கொல்லையில் மாப்பிள்ளை ஒரு மோட்டாரைக் கழற்றிக்கொண்டிருந்தார். பதினான்காம் பக்கத்தின் நடுவில் அவள் பென்சில் நின்றது.

'அம்மா என்னைக் கேட்டாளா?'

நான்கு வரி தள்ளி மறுபடியும் இருந்தது: 'அக்கா, அம்மா என்னைக் கேட்டாளா?' அடுத்த பக்கத்தின் தொடக்கத்தில்: 'சொல்ல வேண்டாம். தெரியுது.' அதற்குப் பிறகு திரைச்சீலையைப் பற்றிய பேச்சு.

பெரியவள் குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள். தான் புரிந்துகொண்டது சரிதானா என்ற சந்தேகத்தில் அந்த வரிகளை உரக்க வாசித்தாள். மாப்பிள்ளை கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"அக்கா, இதுக்கு நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் எழுதிக்கிட்டு இருந்தேன்."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு இல்லத்துக்குத் தொலைபேசியில் பேசினார். காலை பத்து மணிக்கு முன் யாரையும் விட முடியாது என்றார்கள். ஆகவே பெரியவள் தன் பதிலை எழுத உட்கார்ந்தாள். இம்முறை ஒரு சொல்லும் பிசகக் கூடாது. எழுதினாள், அடித்தாள், மீண்டும் எழுதினாள். மாப்பிள்ளை பார்த்துத் திருத்தினார். பிழையே இல்லாத பதினோரு வாக்கியங்கள்.

மறுநாள் காலை பத்து மணிக்குக் கட்டிலருகே நின்று, தாளைக் கையில் வைத்துக்கொண்டு, அவள் சொன்னாள்: அம்மா உன்னைக் கேட்டாள். ஒன்பது நாள் கேட்டாள். செருப்புச் சத்தம் கேட்டாலே நீயா என்று கேட்டாள். நீ வந்துகொண்டிருப்பதாக நான் பொய் சொன்னேன். கடிதத்தில் எழுதியதும் பொய்.

சின்னவள் முழுவதையும் கேட்டாள்.

"நல்லா எழுதியிருக்க. யார் திருத்தினது? அவரா?"

பெரியவள் தாளை மடித்தாள்.

"நேத்து கேட்டேன். ரெண்டு தடவை கேட்டேன். நீ தலையைத் தூக்கவே இல்ல. உண்மைன்னா அப்பவே வாயில வந்திருக்கும். ஆமான்னு ஒரு வார்த்தை. அதுக்கு எதுக்கு ஒரு நாள்?"

"எனக்குக் கேக்கலம்மா."

"கேக்காமலா எழுதின?"

இதற்கு ஒரு விடை உண்டு. அந்தத் தொழிலில் இருப்பவர்கள் அனைவரும் அதை அறிவார்கள். வெளியே உள்ளவர்கள் யாரும் நம்பமாட்டார்கள். பெரியவள் அதைச் சொல்லியும் பார்த்தாள். எழுதும்போது காது வேறு, மனம் வேறு என்றாள். சின்னவள் பொறுமையாகத் தலையசைத்தாள். நோயாளிகள் சொல்லும் சாக்குகளைக் கேட்டுப் பழகிய செவிலியரின் தலையசைப்பு.

"அன்னிக்கு என்னைத் தேத்த ஒண்ணு எழுதின. இன்னிக்கு என்னைத் தேத்த ஒண்ணு எழுதிட்டு வந்திருக்க. விடு. நீ கெட்டவ இல்ல. எனக்குத் தெரியும்."

மன்னிப்பைவிட அது கடுமையாக இருந்தது.

பெரியவள் விடவில்லை. ஊரில் இருந்த தன் கணவரைத் தொலைபேசியில் கூப்பிட்டு, அம்மாவின் கட்டிலருகே நின்ற அவரையே சாட்சியாகப் பேசச் சொன்னாள். அவர் திரையில் தோன்றி, சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டு, "சின்னவளே, நான் பக்கத்துலயே இருந்தேன்ம்மா. உன்னையேதான் கேட்டாங்க. கடிகாரத்தைப் பாத்துக் குறிச்சு வைக்காததுதான் பாக்கி" என்றார். சின்னவளுக்கு அது வெறும் ஒலி. அவள் அக்காவைப் பார்த்தாள்.

"என்ன சொல்றாரு?"

"அம்மா உன்னைக் கேட்டாங்கன்னு சொல்றாரு."

"அதை எனக்குச் சொல்றதும் நீதானே" என்றாள் சின்னவள்.

எஞ்சிய இரண்டரை வாரமும் பெரியவள் நாள் தவறாமல் போனாள். குறிப்பேட்டை எடுத்துப் போகவில்லை. இருவரும் பேசினார்கள்: பக்கத்துக் கட்டில் கிழவியின் முணுமுணுப்பு, இல்லத்துச் சாப்பாட்டில் உப்பில்லாமை, வானொலியின் வாய், மாப்பிள்ளை கெடுத்த மோட்டார்கள். சிரிக்கவும் செய்தார்கள். அம்மாவின் பேச்சு வரும் திசையைச் சின்னவள் முன்கூட்டியே கண்டுகொள்வாள். தண்ணீர் கேட்பாள், அல்லது கண்ணை மூடிக்கொள்வாள். மூன்றாவது முறை முயன்றபோது அவள் அக்காவின் வாயில் இடக் கையை வைத்து மூடினாள். கை சூடாக இருந்தது. பெரியவள் அதற்குப் பின் முயலவில்லை.

கிளம்பும் நாளில் பெரியவள் அவள் தலையைச் சீவிப் பின்னிவிட்டாள். சின்னவள் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"அவர்கிட்ட ஒண்ணு சொல்லி வச்சிருக்கேன். எனக்கு ஏதாவது ஆச்சுன்னா, அந்த நிமிஷமே உனக்கு போன் பண்ணணும். நீ கோர்ட்டுல இருந்தாலும் சரி, தூங்கினாலும் சரி. அஞ்சு நாள் எல்லாம் கிடையாது. அழகா ஒண்ணும் சொல்லக் கூடாது. நடந்ததை நடந்த மாதிரி."

"சரி" என்றாள் பெரியவள்.

"உனக்குத்தான் இப்போ பாஷை தெரியுமே. நடுவுல யாரும் வேண்டாம்."

நான்கு மாதம் கழித்து, நீதிமன்றத்தின் மதிய இடைவேளையில், சுருக்கெழுத்தாளர் அறையில் அவள் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்துகொண்டிருந்தபோது தொலைபேசி ஒலித்தது.

"அக்கா, உக்காருங்க" என்றார் மாப்பிள்ளை ஸ்பானிஷில். அவள் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள். அவர் சொன்னார்: இரண்டாவது தாக்குதல், தூக்கத்தில், தாதி பார்த்தபோது மூச்சு இருந்தது, மருத்துவர் வந்தபோது இல்லை, இருபது நிமிடம் ஆகிறது, முகம் சற்றுக் கோணியிருக்கிறது, அமைதியாக இருக்கிறது என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு சொல்லும் பெரியவளுக்குப் புரிந்தது. யாரிடமும் எதற்கும் பொருள் கேட்க வேண்டியிருக்கவில்லை. வலியிருந்ததா என்று கேட்டாள். தெரியவில்லை என்றார். கடைசியாக என்ன பேசினாள் என்று கேட்டாள். நேற்று மாலை தொலைபேசியில், மழை வருமா என்று கேட்டாள் என்றார்.

பெரியவள் பாத்திரத்தின் மூடியைத் திரும்ப வைத்தாள்.

"அம்மாவைப் பத்தி ஏதாவது சொன்னாளா? நான் வந்ததுக்கு அப்புறம்? எப்பவாவது?"

ஆமாம் என்று அவர் சொல்லியிருக்கலாம், அவள் நம்பியிருப்பாள், வாழ்நாள் முழுவதும் அதைப் பிடித்துக்கொண்டிருப்பாள்.

"இல்லக்கா. சொல்லல."

"சரி. சொன்னதுக்கு நன்றி" என்று அவள் அவர் மொழியிலேயே சொல்லித் தொலைபேசியை வைத்தாள்.

எதிர் மேசையில் இருந்த இளைய சுருக்கெழுத்தாளர் பெண் உணவைக் கையில் வைத்தபடி வியப்புடன் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா பாஷை இது? யாரு போன்ல?"

"என் தங்கச்சி வீட்டுக்காரர். தங்கச்சி போயிட்டா."

"ஐயோ, எப்பக்கா?"

"இப்பத்தான்" என்றாள் பெரியவள்.